ஸ்பேசிங்: தமிழ்ப் பக்கத்தில் எங்கே இடம் விடுவது, எவ்வளவு விடுவது? முழுமையான வழிகாட்டி

"ஸ்பேசிங் சரியில்லை, ஒருக்கா பாருங்கோ" என்று யாராவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியை, அதாவது புரூஃபைத் திருப்பித் தந்தால், எந்த ஸ்பேசிங் என்று கேட்டுவிட்டுத்தான் வேலையில் கை வைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ அச்சு வேலைக்காக அலைந்தவர்கள் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அது. ஆனால் ஒருவர் சொற்களுக்கு நடுவில் உள்ள இடத்தைச் சொல்வார், இன்னொருவர் வரிகளுக்கு நடுவில் உள்ளதைச் சொல்வார், வேறொருவர் எழுத்துகள் நெருக்கியடிப்பதைச் சொல்வார். கேட்காமல் மாற்றினால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

ஸ்பேஸ் என்பது ஒரு தனி இடைவெளி. விசைப்பலகையின் நீளப் பட்டையை ஒரு தடவை தட்டினால் விழுவது. ஸ்பேசிங் என்பது அப்படிப்பட்ட இடைவெளிகளின் அளவும் ஒழுங்கும். வேர்ட் ஸ்பேசிங் சொற்களுக்கு இடையில், லெட்டர் ஸ்பேசிங் எழுத்துகளுக்கு இடையில், லைன் ஸ்பேசிங் வரிகளுக்கு இடையில், பாரகிராஃப் ஸ்பேசிங் பந்திகளுக்கு இடையில். வடிவமைப்பு மென்பொருள்களில் வரி இடைவெளிக்கு லெடிங் என்று பெயர். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகியதால் வந்த பெயர் அது. எழுத்து இடைவெளியிலும் இரண்டு உண்டு. ஒரு வரி முழுவதையும் ஒரே அளவில் தளர்த்துவதும் இறுக்குவதும் டிராக்கிங். குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் மட்டும் சரிசெய்வது கெர்னிங். கேப் என்று சொன்னால் பெரும்பாலும் குறையைத்தான் சொல்கிறார்கள்: வேண்டாத இடத்தில் விழுந்துவிட்ட வெற்றிடம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் இடைவெளி, வெளியே இருக்கும் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எழுத்துகளுக்கு நடுவில் உள்ளதைவிடச் சொற்களுக்கு நடுவில் கூட இருக்க வேண்டும், சொற்களுக்கு நடுவில் உள்ளதைவிட வரிகளுக்கு நடுவில், வரிகளைவிடப் பந்திகளுக்கு நடுவில். எது எதோடு சேர்ந்தது என்பதைக் கண் இந்த அளவுகளை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. எங்காவது இந்த வரிசை தலைகீழானால் வாசிப்பவர் தடுமாறுவார், ஏன் தடுமாறினார் என்று அவருக்கே தெரியாது.

வேலையையும் ஓர் ஒழுங்கில் செய்ய வேண்டும். முதலில் சொல், பிறகு நிறுத்தக்குறியும் எண்ணும், அப்புறம் வரி, கடைசியில்தான் எழுத்து. பலர் இதை மறுபுறமாகத் தொடங்குகிறார்கள். பக்கம் நிரம்பவில்லை என்று எழுத்துகளை இழுக்கிறார்கள், சொல் எங்கே பிரிகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

முதல் வேலை: சொல்லைச் சேர்ப்பதும் பிரிப்பதும்

ஆங்கிலத்தில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதில் அநேகமாகச் சண்டை இல்லை. தமிழில் உருபும் விகுதியும் துணைவினையும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதால், இடம் விடுவதா இல்லையா என்பதை நாம் ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஏட்டுச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடமே விடுவதில்லை, பெரும்பாலும் புள்ளியும் வைப்பதில்லை. அச்சு வந்த பிறகுதான் இந்தக் கேள்வி பெரிதானது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், 1822இலிருந்து 1879 வரை வாழ்ந்தவர், உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு, எல்லோரும் வாசிக்கும்படி நூல்களை அச்சிட்டவர்களில் முன்னோடி. வாசிப்பவருக்கு மூச்சு விடும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது பதிப்பிப்பவரின் கடமை என்ற எண்ணம் நம் ஊரில் அன்றே இருந்தது.

ஓர் உதாரணத்தோடு போகலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவித்தல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எதிர் வரும் ஞாயிற்று கிழமை காலை 9.00மணி முதல் நண்பகல் 12.00மணி வரை நீர்த் தாங்கி சுத்தம் செய்ய படவுள்ள தால் நீர் விநியோகம் தடைப்படும் .குடியிருப் பாளர்கள் தேவை யான நீரை முன் கூட்டியே சேமித்து வைத்துக் கொள்ள வும் ."

இருக்க வேண்டியது:

"எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணி முதல் நண்பகல் 12.00 மணி வரை நீர்த்தாங்கி சுத்தம் செய்யப்படவுள்ளதால் நீர் விநியோகம் தடைப்படும். குடியிருப்பாளர்கள் தேவையான நீரை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளவும்."

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "தால்", "யான", "வும்" ஆகியவை தனியாக நிற்க முடியாத துண்டுகள். பேச்சில் ஒருவரும் "வும்" என்று தனியாகச் சொல்வதில்லை. இதுதான் முதல் சோதனை: பின்னால் வரும் துண்டு தனியாக நின்றால் சொல்லாகுமா? ஆகாவிட்டால் சேர்த்தே எழுத வேண்டும். வேற்றுமை உருபுகள் எல்லாம் இதில் அடங்கும்: கொழும்பில், கொழும்புக்கு, கொழும்பிலிருந்து, அப்பாவுடன்.

"செய்ய படவுள்ளதால்" என்பதில் இடம் விட்டது மட்டுமல்ல, ப் என்ற எழுத்தும் விழுந்துபோயிற்று. சேர வேண்டியதைப் பிரிக்கும்போது இப்படி வல்லின மெய் காணாமல் போவது வழக்கம், ஏனென்றால் பிரித்துத் தட்டுபவருக்கு அந்த அழுத்தம் காதில் விழுவதில்லை. "ஞாயிற்று கிழமை"யும் அதே கதைதான். இரண்டு சொற்களாக நிற்க வேண்டிய இடத்தில் வல்லினம் மிகுந்தால், அந்த மெய் முதற்சொல்லின் முடிவில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் இடம்: "அதைப் பார்த்தேன்", "மழைக்குப் பயந்து". மெய்யெழுத்தை இரண்டாம் சொல்லின் முன்னால் தள்ளிவிடக் கூடாது.

"குடியிருப் பாளர்கள்" எப்படி வந்தது? யாரோ பழைய அறிவித்தலில் வரி முடியும் இடத்தில் சொல்லைக் கையால் உடைத்திருக்கிறார். அதைப் பிரதி எடுத்து ஒட்டியபோது வரி மாறிவிட்டது, உடைப்பு மட்டும் நடுவில் நின்றுவிட்டது. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய எந்தப் பகுதியிலும் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

"எதிர்வரும்", "முன்கூட்டியே" இரண்டும் வேறு சோதனைக்கு உரியவை. "கூட்டியே" தனியாக நிற்கும் சொல்தான். ஆனால் இங்கே அதன் சொந்தப் பொருள் போய்விட்டது, கூட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு துண்டு தன் பொருளை விட்டுவிட்டு முன்னதோடு சேர்ந்து புதுப் பொருள் தந்தால், சேர்த்து எழுத வேண்டும். இதுதான் இரண்டாம் சோதனை, அதிகம் பயன்படுவதும் இதுதான்.

"பொலிஸார் திருடனைக் கண்டு பிடித்தனர்" என்றால் திருடனைப் பார்த்தார்கள், பிடித்தார்கள். "கண்டுபிடித்தனர்" என்றால் ஒளிந்திருந்தவன் எங்கே என்று அறிந்தார்கள். "அடையாள அட்டையை எடுத்துக் காட்டு" என்பது ஒருவருக்குச் சொல்லும் கட்டளை, "எடுத்துக்காட்டு" என்பது உதாரணம். "பிள்ளை வந்துவிட்டார்" என்றால் வந்தாயிற்று. "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்" என்றால் யாரோ இறக்கிவிட்டுப் போனார். பெரியம்மா அம்மாவின் அக்கா, பெரிய அம்மா வேறு. கோயில் சிரமதானத்துக்குப் "பல கைகள் தேவை" என்று எழுதினால் ஆட்கள் வருவார்கள். இடம் விடாமல் "பலகைகள் தேவை" என்று அடித்துவிட்டால் மரம்தான் வரும்.

தான் என்ற சொல்லை மட்டும் தனியாகக் கவனியுங்கள். "அவர்தான் சொன்னார்" என்பதில் அது அழுத்தம் தரும் ஒட்டு, சேர்க்க வேண்டும். "அவர் தான் சொன்னதை மறந்துவிட்டார்" என்பதில் அது தன்னைக் குறிக்கும் சொல், பிரிக்க வேண்டும். "படி"யும் அப்படியே: "சொன்னபடி" ஒரு சொல், "ஏறிய படி" என்றால் படிக்கட்டு.

பிரித்தே எழுத வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பற்றி, குறித்து, மீது, போல ஆகியவை தனிச் சொற்கள்: "அதைப் பற்றி", "மேசை மீது". "செய்ய வேண்டும்", "போக முடியாது" ஆகியவற்றில் இடம் வேண்டும். "வரவில்லை" என்பதில் ஒலி மாறிச் சேர்ந்துவிட்டதால் பிரிக்க வழியே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். "செய்யக்கூடாது" என்றும் "செய்யக் கூடாது" என்றும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். நான் பிரித்து எழுதும் பக்கம் சாய்பவன், இந்த வழிகாட்டியிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். எதை எடுத்தாலும் அந்தப் புத்தகம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். சிறப்பு மலர் ஒன்றுக்குப் பலர் கட்டுரை தருவார்கள், ஆளுக்கொரு வழக்கம் இருக்கும். வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் இப்படிப்பட்ட சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், புரூஃப் பார்க்கும் எல்லோரும் ஒரே மாதிரித் திருத்துவார்கள்.

செய்யுளுக்கு வேறு கணக்கு

மேலே சொன்ன எதையும் செய்யுளில் பிரயோகிக்கக் கூடாது. அங்கே இடைவெளி சொல்லைப் பிரிப்பதில்லை, அடியின் ஓசைத் துண்டான சீரைப் பிரிக்கிறது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்ற குறளில் "காண்ப தறிவு" என்று நடுவில் உடைந்திருப்பது பிழையல்ல. காண்பது, அறிவு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து, சீர் கணக்கில் அப்படிப் பிரிகின்றன. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளுக்கு அடிக்கும் சிறு நூல்களான கல்வெட்டுகள். முன்பக்கத்தில் படம், அதன் கீழே இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, உள்ளே தேவாரம், திருவாசகம். வெண்பாவைப் புலவர் ஒருவர் எழுதித் தந்திருப்பார். தட்டச்சு செய்பவர் "பிழை" என்று நினைத்துச் சீர்களைச் சேர்த்துவிட்டாலோ, வரி கொள்ளவில்லை என்று கடைசிச் சீரைக் கீழே தள்ளிவிட்டாலோ வெண்பா கெட்டுப்போகும். நேரிசை வெண்பாவில் முதல் மூன்றடிக்கும் நான்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று. இரண்டாமடியின் நான்காம் சீர் தனிச்சொல், அதற்கு முன்னால் சிறு கோடு போட்டு ஒதுக்கிக் காட்டுவது வழக்கம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், பாட்டின் பொருள் முழுவதும் விளங்காவிட்டாலும் இடைவெளியைப் பிழையில்லாமல் விட முடியும். வரி கொள்ளாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அடியை உடைக்க வேண்டாம். வீட்டுக்காரர் துக்கத்தில் இருக்கும்போது புரூஃபைச் சரியாகப் பார்க்க மாட்டார். அதனால் அச்சடிக்கும் இடத்தில் இருப்பவர்தான் அவருக்காகவும் பார்க்க வேண்டும்.

நிறுத்தக்குறி, எண், முகவரி

இது சுருக்கமான வேலை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி எல்லாம் முன்னால் உள்ள சொல்லோடு ஒட்ட வேண்டும், பின்னால் ஓர் இடம் வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே இடம், உள்ளே இல்லை. மேற்கோள்குறிக்கும் அதுவே.

முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு ஸ்பேஸ் தட்டுவது தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் கைப்பழக்கம். இன்றைய எழுத்துருக்களுக்கு ஒன்று போதும். வேர்ட் மென்பொருளே 2020 முதல் இரட்டை இடைவெளியைப் பிழையாகக் கோடிட்டுக் காட்டத் தொடங்கிவிட்டது. களைவதற்குக் கொன்ட்ரோல் எச் தட்டி, தேடும் பெட்டியில் இரண்டு ஸ்பேஸ், மாற்றும் பெட்டியில் ஒரு ஸ்பேஸ் கொடுங்கள். எண்ணிக்கை பூச்சியமாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள், மூன்று நான்கு ஸ்பேஸ் சேர்ந்து கிடந்தால் ஒரே தடவையில் போகாது. பிறகு "ஸ்பேஸ் காற்புள்ளி" என்பதை வெறும் காற்புள்ளியாகவும், அதேபோல முற்றுப்புள்ளியையும் கேள்விக்குறியையும் மாற்றலாம். ஆனால் முற்றுப்புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால் இடம் சேர்க்கும்படி மொத்தமாக மாற்றக் கூடாது. 9.00 மணியும் க.பொ.த. பரீட்சையும் இணைய முகவரியும் உடைந்துபோகும். அதைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும்.

எண்ணுக்கும் அளவைக்கும் நடுவில் இடம் வேண்டும்: 5 கிலோ, 9.00 மணி, 1,500 ரூபா. ஆனால் "ஆம்", "இல்", "க்கு" போன்ற ஒட்டுகள் எண்ணோடு சேரும்: 31ஆம் நாள், 2025இல், 10க்கு முன்.

இப்போது இடம் இருக்க வேண்டும், ஆனால் வரி அங்கே உடையக் கூடாது என்ற சிக்கல் வரும். "கொழும்பு 06" என்று முகவரி எழுதினால் கொழும்பு ஒரு வரியின் முடிவிலும் 06 அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழும். வெள்ளவத்தையைக் காட்டும் இலக்கம் அது, தனியாக நின்றால் வீட்டு இலக்கம் போலத் தெரியும். பெயருக்கு முன்னால் வரும் தலையெழுத்துகளும், "ரூபா" என்ற சொல்லும் தொகையும், திகதியும் மாதமும் இப்படிப் பிரியக் கூடாதவை. அங்கே சாதாரண ஸ்பேசுக்குப் பதிலாக உடையாத ஸ்பேஸ் போடுங்கள். வேர்டில் கொன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேசைத் தட்ட வேண்டும், மக் கணினியில் ஒப்ஷனும் ஸ்பேசும். போட்டதா இல்லையா என்று பார்க்க, கொன்ட்ரோல் ஷிப்ட் 8 தட்டினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். சாதாரண ஸ்பேஸ் ஒரு புள்ளியாகவும், உடையாத ஸ்பேஸ் சிறு வட்டமாகவும் நிற்கும். வெளியிலிருந்து கோப்பு வந்தால் இந்தக் குறிகளைக் காட்டவைத்துத்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்த தலைப்புகளும், என்டர் தட்டிக் கீழே தள்ளிய பந்திகளும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

வட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவித்தலுக்கு ஒரு குறிப்பு. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட இரண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போடும்போது, குறி சொல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஸ்பேஸ் வந்தால் எழுத்து தடிக்காது, நட்சத்திரம் மட்டும் அப்படியே நிற்கும்.

வரிகளுக்கு நடுவில்

தமிழ் எழுத்து மேலும் கீழும் நீளும். மேலே புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே நூ, கூ, ளு போன்றவற்றின் வளைவும் வாலும். ஆங்கிலத்துக்காக வைத்த இயல்பு அளவு இதற்குப் போதாது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் லெடிங்கைத் தானாக விட்டால் எழுத்தளவின் 120 வீதம் வரும், 10 புள்ளி (பொயின்ட் என்ற அச்சு அளவு) எழுத்துக்கு 12 புள்ளி. தமிழில் அப்படி அடித்த பக்கத்தில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். உரைநடைக்கு 11 புள்ளி எழுத்தென்றால் 15 அல்லது 16 புள்ளி லெடிங் வையுங்கள் என்பேன். வரி நீளமானால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், ஏனெனில் கண் திரும்பி வரும்போது அடுத்த வரியைப் பிடிக்க அந்த இடைவெளி வேண்டும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். ஆகவே முடிவெடுக்கும் முன் "நூற்றுக்கு", "மூளை", "கீழ்" போன்ற சொற்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்படி நான்கு வரி அடித்து, தாளில் எடுத்துப் பாருங்கள். திரையில் பார்ப்பது போதாது.

வேர்டில் கொன்ட்ரோல் 1 ஒற்றை இடைவெளி, கொன்ட்ரோல் 5 ஒன்றரை, கொன்ட்ரோல் 2 இரட்டை. ஆய்வுக் கட்டுரை கேட்கும் இடங்களில் இவை போதும். ஆனால் வரி இடைவெளிக்கான எக்ஸாக்ட்லி என்ற தெரிவில் அளவைக் குறைத்து வைத்தால் ஈகாரச் சுழியின் தலை வெட்டுப்படும். அட்டவணைகளில் இது அடிக்கடி நடக்கிறது. "தலைவெட்டு" என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம்.

பந்திகளுக்கு இடையில் வெற்று வரி விடுவதா, முதல் வரியை உள்ளே தள்ளுவதா? இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பக்கம் சிதறும். கதை, கட்டுரைப் புத்தகத்துக்கு உள்தள்ளல் நல்லது, அறிவித்தலுக்கும் இணையத்துக்கும் வெற்றிடம் நல்லது. இணையத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால், பார்வைக் குறைவுள்ள ஒருவர் வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காகவும் பந்தி இடைவெளியை இரண்டு மடங்காகவும் மாற்றிக்கொண்டாலும் எதுவும் மறையக் கூடாது என்பது இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான உலக அணுகல் வழிகாட்டியில் (WCAG) 2018 முதல் உள்ள விதி. பக்கத்தை அப்படிப் பெரிதாக்கி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டு ஓரமும் நேராக்கும் ஆசை

ஜஸ்டிஃபை பண்ணினால் பக்கம் அழகாக இருக்கும் என்று கேட்பார்கள். அகலமான பக்கத்தில் சரி. பத்திரிகைப் பத்தி போல ஒடுங்கிய இடத்தில் தமிழுக்கு அது பொருந்தாது. நம் சொற்கள் நீளம், "ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கின்றோம்" என்ற தொடரில் கடைசிச் சொல் ஒன்றே ஒரு வரியை அடைத்துவிடும். அதற்கு முன் வரியில் இரண்டு சொல் மட்டும் இருந்தால், மென்பொருள் அவற்றை ஆளுக்கொரு ஓரமாகத் தள்ளிவிடும். இப்படி மூன்று நான்கு வரி வந்தால் பத்தியின் நடுவே வெள்ளை ஓடை ஓடும். மரண அறிவித்தலுக்கு நடுவில் நிறுத்துங்கள், ஒடுங்கிய பத்திக்கு இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள், வலப்பக்கம் ஏறி இறங்கினால் இறங்கட்டும்.

ஜஸ்டிஃபை செய்துதான் ஆக வேண்டும் என்றால் சொல்லை உடைக்க இடம் கொடுக்க வேண்டும். வேர்டில் கொன்ட்ரோலோடு சிறு கோட்டைத் தட்டினால், தேவைப்பட்டால் மட்டும் உடையும் இடம் கிடைக்கும். உடைப்பதற்கு உறுதியான விதி ஒன்று: புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. "குடியிருப்" என்று நிறுத்தி "பாளர்கள்" என்று தொடங்கலாம், "ப்பாளர்கள்" என்று தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளுவதும் நன்றாக இராது. இன்டிசைனில் சொல் இடைவெளி இயல்பாகவே 80 முதல் 133 வீதம்வரை நீளும்படி வைத்திருக்கும். அந்த அளவுகள் உள்ள ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியில் எழுத்து இடைவெளிக்கு மூன்று கட்டத்திலும் பூச்சியம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவில்: தொடாமல் விடுங்கள்

ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தளர்த்தி வைப்பது அழகு. தமிழில் அதைச் செய்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். கொ என்பது நமக்கு ஓர் எழுத்து, ஆனால் கண்ணுக்குத் தெரிவது மூன்று வடிவம்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அவற்றை மூன்று தட்டாகத்தான் அடிக்கிறோம், மென்பொருளுக்கு அவை மூன்று தனி எழுத்து. டிராக்கிங்கைக் கூட்டினால் மூன்றும் விலகும். வரி முடிவில் கால் மட்டும் கழன்று அடுத்த வரிக்குப் போய்விடுவதும் உண்டு. யூனிகோடில் கொ ஒன்றாகவே நிற்க வேண்டும் என்றாலும், எல்லா மென்பொருளும் அதைச் சரியாகக் கையாள்வதில்லை.

விலகினால் வெறும் அழகு மட்டும் கெடுவதில்லை. கால் தனியே நின்றால் ர போலத் தெரியும். கௌரி என்ற பெயரில் ஔகாரத்தின் பின்பகுதி ள மாதிரியே இருக்கும், விலக்கிவிட்டால் "கெளரி" என்றுதான் வாசிப்பார்கள். கலியாணக் கார்ட்டில் மணப்பெண்ணின் பெயருக்கு இது நடக்கக் கூடாது. தலைப்பு பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் எழுத்தளவைக் கூட்டுங்கள், தடித்த எழுத்துருவுக்குப் போங்கள், சுற்றி வெற்றிடம் விடுங்கள். வேர்டில் கொன்ட்ரோல் ஷிப்ட் ஜே தட்டினால் எழுத்துகளைப் பரப்பி ஓரத்துக்கு ஓரம் நிரப்பும், அதைத் தமிழுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

யூனிகோட் தமிழை இன்டிசைனில் போட்டதும் கொம்பு இடம்மாறித் தெரிந்தால் அது ஸ்பேசிங் பிரச்சினை அல்ல. பாரகிராஃப் பலகத்தின் மெனுவில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தெரிவு செய்ததும் சரியாகும். இதைத் தெரியாமல் கெர்னிங்கால் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

மூன்று மொழிப் பலகை

1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசையைக் கொழும்பு முழுக்கப் பார்க்கலாம். அந்த நடு இடத்தில் தமிழ் நெருக்கப்பட்டு, இரண்டு சொல் ஒன்றாகவும் ஒரு சொல் இரண்டாகவும் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. எழுதுபவருக்குத் தமிழ் தெரியாதபோது, அவர் அதைப் படமாகத்தான் பார்க்கிறார். அவரைக் கோபிக்க ஒன்றுமில்லை. கொடுக்கும் நாம்தான் பிழைக்க இடமில்லாமல் கொடுக்க வேண்டும்.

முதலில், ஒவ்வொரு மொழிக்கும் வரி இடைவெளியைத் தனித்தனியே வையுங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் தமிழ் நெருக்கமாகவும் ஆங்கிலம் தளர்வாகவும் தெரியும். ஒரு மொழிக்குள் வரிக்கு வரி உள்ள இடத்தைவிட, மொழிக்கு மொழி உள்ள இடம் தெளிவாகக் கூட இருக்க வேண்டும். தமிழின் இரண்டாம் வரி ஆங்கிலத்தோடு ஒட்டி நின்றால் தூரத்தில் வருபவருக்குத் தமிழ் அரைவாசியில் முடிந்ததாகத் தெரியும்.

இரண்டாவது, வரி எங்கே உடைய வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொடுங்கள். "வெளிநோயாளர் பிரிவு" என்பதை இரண்டு வரியாக்கினால் "வெளிநோயாளர்" ஒரு வரி, "பிரிவு" ஒரு வரி. பலகை அதைவிட ஒடுங்கியதென்றால் "வெளி", "நோயாளர்", "பிரிவு" என்று மூன்றாக்கலாம். "வெளிநோ" என்று நிறுத்தினால் வாசிக்க முடியாது. கொஞ்சம்தானே என்று எழுத்தை அகலத்தில் நசுக்கவும் வேண்டாம், சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாசகத்தைத் தட்டச்சாக மட்டும் அனுப்பாதீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து நிற்கும், அல்லது அவர்களே திரும்பத் தட்டுவார்கள், இடைவெளிகள் அங்கேதான் இடம்மாறும். இலஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கொன்ட்ரோல் ஷிப்ட் ஓ தட்டினால் எழுத்துகள் கோட்டுருவமாகும். அப்படி மாற்றிய கோப்பை அனுப்பி, கூடவே அதே பக்கத்தின் படத்தையும் அனுப்பி, "இதில் உள்ளபடியே, வரியை மாற்ற வேண்டாம்" என்று சிங்களத்திலும் எழுதுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டுருவமாக்கிய பின் ஓர் எழுத்தைக்கூடத் தட்டித் திருத்த முடியாது. ஸ்டிக்கர் வெட்டுவதற்கு முன் உண்மை அளவில் ஒரு தாள் பிரதி எடுக்கச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த, ஆனால் இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடக்குகிறாரோ அந்த இடத்தைத் திருத்திவிட்டு வெட்டக் கொடுக்கலாம்.